லொறிக் கதவின் ஓட்டைகள்

அன்பு மனைவி எத்தல்,

மாதாவின் காவலில் நான் சுகம். உமது முழங்கால் வலி எப்படி?

இங்கே குவைத்தில் முதலாளி தன் வீட்டு முற்றத்தில் பழைய இராணுவ லொறியொன்றைப் புதுப்பிக்கிறார். தகரம் தட்டி ஒட்டும் பொடி வேலை எனக்கு. கதவில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகள். சண்டைக் காலத்தில் அப்படி ஒரு வாகனம் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றியைச் சந்தேகமின்றித் தாண்டுமா? ஊர்ப் பழக்கத்தில் முதல் வேலையாக அவற்றை அடைத்துவிட்டேன். மனிதர் குதிக்கிறார்! லொறியின் பெறுமதியே அந்த ஓட்டைகள்தானாம். திரும்பத் துளைக்கட்டாம்.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் பிரடெரிக் சிரிக்கிறான்: "இஞ்ச சென்றி இல்லையெண்டு உன்ட கைக்கு இன்னும் தெரியல்ல மச்சான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடைத்த கையாலேயே துளைக்கிறேன்.

லீவில் ஊருக்கு வரும் அவனிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். அவன் திரும்பும்போது நீர் எனக்குக் கருவாடு கொடுத்துவிடும். அவனை ஏற்ற வந்த வான் வாசலில் ஹோர்ன் அடிக்கிறது. ஒன்று மட்டும்: நம் வீட்டு வாசல் கேற் தகரத்திலுள்ள சூட்டு ஓட்டைகளைத் தம்பி மெல்றோயைக் கொண்டு அடைப்பித்துவிடும். நான் வந்திறங்கும்போது அவை கண்ணில் படக் கூடாது.

உமது,
ரெஜினோல்ட்