இடப்பக்கத்துக் குதிரை

அக்டோபர் 2

காற்று. வேலி அடிக்க வருவதாகச் சொன்னவன் இன்றும் வரவில்லை. என் குதிரை ஜூனிபரின் கண்ணில் நீர் வடிகிறது. தூசியாக இருக்கும்.

அக்டோபர் 5

தூசி இல்லை, புண். கால்நடை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "இங்க ஒண்ணும் பண்ண முடியாது மார்வா. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. வெள்ளிக்கிழமை தாண்டினா கண்ணு போயிடும்" என்றார்.

அக்டோபர் 6

காலை முழுக்கப் போராட்டம். பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரில் ஏற மாட்டேன் என்கிறாள்.

இங்கே வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம்; சாலை அந்த ஓரத்துக்குச் சரிந்திருக்கும். ஒற்றைக் குதிரையை டிரெய்லரில் இடப்பக்கம்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பள்ளத்தைப் பார்த்தே இழுக்கும். ஜூனிபருக்கு இதெல்லாம் எதற்கு? அவள் வலப்பக்கம், எங்கள் இன்னொரு குதிரை டீக்கன் இடப்பக்கம், வருஷக்கணக்கில் அப்படித்தான் போனார்கள். விவாகரத்தில் வீடும் ஜூனிபரும் எனக்கு, டீக்கன் என் கணவனாக இருந்த லோரனுக்கு. வலப்பக்கத்தில் விட்டுப் பார்த்தேன். ஏறினாள். எடை சமமாக இருக்க இடப்பக்கத்தில் தீவன மூட்டைகளை அடுக்கினேன். மூட்டைகளை முகர்ந்துவிட்டு உதைக்க ஆரம்பித்தாள். உதைக்கிற குதிரையோடு அந்த மலையா? இறக்கிவிட்டேன்.

ரோடியோ குதிரைப் போட்டி நாட்களில் விடியுமுன்னே கிளம்புவோம். பிக்கப்பில் லோரன் உட்கார்ந்துகொள்வான். நான் டிரெய்லருக்குப் பின்னால் நின்று, எந்த விளக்கு எரிகிறது என்று கத்துவேன். இடது, வலது, பிரேக். பிறகு ஒரே பிளாஸ்க்கில் காப்பி, வழியெல்லாம் அவனுடைய சுருதி சேராத பாட்டு. கையில் காசு இருந்ததில்லை. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே அப்போதுதான்.

அக்டோபர் 7

லோரனைப் போனில் கூப்பிடவே கூடாது என்றிருந்தேன். கூப்பிட்டேன். எடுத்தது ட்வைலா, அவனுடைய இப்போதைய மனைவி.

"அவர் எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போயிருக்காரு. மாசக் கடைசிலதான் வருவாரு."

விஷயத்தைச் சொன்னேன். டீக்கன் பக்கத்தில் இருந்தால் ஜூனிபர் ஏறிவிடுவாள் என்றேன். நானே போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"எனக்கு டிரெய்லர் ஓட்டத் தெரியாது. டீக்கன நடத்திக் கூட்டிட்டு வரேன்" என்றாள்.

அக்டோபர் 8

ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம்.

டீக்கன் யாரையும் கேட்காமல் இடப்பக்கம் ஏறி நின்றான். ஜூனிபர் கனைத்துக்கொண்டே பின்னால் ஏறினாள். டிரெய்லர் கொக்கியையும் குறுக்குச் சங்கிலிகளையும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். விளக்குகளைப் பார்க்க ட்வைலா பின்னால் போய் நின்றாள்.

"எல்லாம் எரியுது."

"எல்லாம்னா எது எது?"

"அவர மாதிரியே கேக்கறீங்க."

இறக்கத்தில் பக்கக் காற்று. தாழ்ந்த கியரில், ஒவ்வொரு வளைவிலும் ஊர்ந்தேன். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

"வழி விடச் சொல்றான்."

"சொல்லட்டும். ரெண்டு குதிரை பிடிமானமில்லாம நின்னுகிட்டு வருதுன்னு அவனுக்கென்ன தெரியும்."

அடிவாரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் சூடு பார்க்க உள்ளங்கையை வைத்தேன். ட்வைலா சிரித்தாள். "பால் வாங்கிட்டு வந்தாக்கூட அவர் இப்படித்தான் தொட்டுப் பாப்பாரு." நானும் சிரித்தேன். அப்புறம் ஏனோ அழுகை வந்தது. அவள் காணாதது போல டிரெய்லர் ஜன்னல் வழியே குதிரைகளுக்குப் புல் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண்தான் போலிருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 12

கண் பிழைத்தது. ஆனால் பனி விழும் வரை வாராவாரம் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

திரும்பி வந்ததும் டீக்கனை அவளோடு அனுப்பக் கயிறு எடுத்தேன். ட்வைலா வாங்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சது சரி. இதுங்கள ஏன் பிரிச்சீங்க?"

கயிற்றைத் திரும்ப வைத்துவிட்டு டீக்கனை ஜூனிபர் பக்கத்திலேயே விட்டேன். அவள் தனியாக நடந்து போனாள்.

அக்டோபர் 19

இரண்டாம் முறை போய் வந்தோம். ட்வைலா பாதி வழி ஓட்டினாள்.

அக்டோபர் 30

லோரன் போன் செய்தான்.

"மார்வா, என் குதிரை எங்க?"

"உன் பெண்டாட்டியக் கேளு."

"கேட்டாச்சு. உன்னக் கேக்கச் சொல்றா."

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் இப்படிக் கேட்டு எத்தனை காலம்.

"இடப்பக்கம்தானே ஏத்தின?"

"ஆமா."

"ஜூனிபருக்குக் கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

பிறகு, "டீக்கன் குளிர்ல ஓட்ஸ் கொஞ்சம் கூட கேப்பான். கொடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.