கிருத்திகைக்கு மறுநாள்

அக்கா,

இன்று காலை லேபின் ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஆளாக ஓர் அம்மா உள்ளே வந்தார். நெற்றி நிறைய விபூதி. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவர் கையைப் பிடித்தபோது விபூதி வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின. என் கை அப்படியே நின்றுவிட்டது. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். நேற்று கிருத்திகை.

நீயும் இப்படித்தான் வருவாய். முள்ளிப்பட்டிலிருந்து ஆரணிக்கு முதல் பஸ் பிடித்து, எனக்கு முன்னால் வந்து ஷட்டரடியில் நிற்பாய். "ஜல்தி எடுடி, தறி நிக்குது" என்று இடக்கையை நீட்டுவாய். ஒரு துளி போதும், விரலில் குத்திப் பார்த்துவிடுகிறேன் என்று ஒருமுறை சொன்னதற்கு என்னை முறைத்தாய். "விரல்ல குத்தாத. பட்டுல ஒரு பொட்டு ரத்தம் பட்டா பொடவயே போச்சு." அதற்குப் பிறகு உனக்கு எப்போதும் முழங்கை மடிப்பில்தான் எடுத்தேன். உனக்கு நரம்பு தேட வேண்டியதே இல்லை. பளிச்சென்று தெரியும்.

வெறும் வயிற்றில் நூறுக்குக் கீழே இருந்தால் நல்லது, நூற்றிருபத்தாறும் அதற்கு மேலும் வந்தால் சர்க்கரை, நடுவில் இருப்பது எச்சரிக்கை என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். உனக்கு ஒருமுறை நூற்றுப்பதினெட்டு வரும், ஒருமுறை நூற்றிருபத்தொன்று. காகிதத்தை வாங்கிப் பார்த்து, "தாண்டல பாத்தியா, முருகன் காப்பாத்திட்டான்" என்று முந்தானையில் முடிந்துகொள்வாய். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றால் மட்டும் உட்கார மாட்டாய். "ரெண்டு மணி நேரம் இங்க யாரு ஒக்காந்துகினு இருப்பா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

ஆனால் உன் நாக்கு வறண்டிருந்தது. என் மேசைத் தண்ணீர் பாட்டிலை நீ ஒரே மூச்சில் காலி செய்வதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி நாலைந்து முறை எழுந்திருப்பதாக மாமா சொல்லியிருக்கிறார். காகிதம் ஒன்று சொன்னது, உன் உடம்பு வேறொன்று சொன்னது. ஒருநாள் ஆளில்லாத மத்தியானத்தில் லேப் ரெஜிஸ்டரை எடுத்து உன் பெயரைத் தேடினேன். நீ வந்த தேதிகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். அத்தனையும் கிருத்திகைக்கு மறுநாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. முந்தின நாள் பரணி ராத்திரியே சாப்பிடுவதில்லை, கிருத்திகையன்று முழு விரதம், மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீரோடு கிளம்பி வந்துவிடுவாய். ஒன்றரை நாள் காய்ந்த வயிற்றில் எடுத்த ரத்தம், அந்த ஒன்றரை நாளைப் பற்றித்தான் சொல்லும். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் நாளுக்கு மட்டும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களே, அப்படி.

அடுத்த முறை நீ தலைசுற்றல் என்று வந்தாய். ரத்தம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்தேன். அதே குழாய் ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரையையும் பார்க்கலாம். உன்னைக் கேட்கவில்லை. போட்டுவிட்டேன். ஆறரையிலிருந்து சர்க்கரை வியாதி என்பார்கள். உனக்கு எட்டு புள்ளி மூன்று.

அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்கு வந்தேன். உன் வீட்டில் மாமா இருந்தார், உன் பெண் இருந்தாள், உன் ஓரகத்தியும் பூத்தொடுக்க வந்து உட்கார்ந்திருந்தாள். நீ தறிக்குழியில் இருந்தாய். நான் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. "கிருத்திகை விரதம் இருந்துட்டு வந்து என்னயே ஏமாத்திகினு இருந்தியா? இப்ப மாட்டிகினியா? எட்டு புள்ளி மூணு" என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். உன் மேலுள்ள அக்கறையில்தான் அப்படிப் பேசினேன் என்று ரொம்ப நாள் என்னையே சமாதானப்படுத்தியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை, அக்கா. கண்டுபிடித்துவிட்டோம் என்ற மிதப்பும் இருந்தது.

உன் கால் மிதிபலகையில் நின்றது. தறிச் சத்தமும் நின்றது. "எனக்குத் தெரியாம என் ரத்தத்துல இன்னாடி தேடின?" என்றாய். அவ்வளவுதான். உன் பெண்ணுக்கு அப்போது வந்தவாசிப் பக்கம் வரன் பேசிக்கொண்டிருந்தீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் பெண்ணுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்களோ என்று நீ பயந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. விரதத்தோடு விரதமாக வந்து நல்ல காகிதம் வாங்கிப் போனது அதற்காகத்தான். ஓரகத்தி மூலம் ரெண்டே நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சம்பந்தம் ஒன்றும் நின்றுபோகவில்லை, கல்யாணம் நடந்தது. ஆனால் நீ என்னிடம் பேசவில்லை. லேபுக்கும் வரவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. கல்யாணத்தில் எனக்குத் தாம்பூலம் கொடுத்தபோதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் மிதிபலகையின் மரச்சிலாம்பு உன் கால் பெருவிரலில் ஏறியிருக்கிறது. சர்க்கரையில் மரத்துப்போன கால், உனக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் யாரிடமாவது காட்டியிருப்பாய். நாற்றம் வந்த பிறகுதான் மாமா பார்த்தார். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கை என் கையில் இருந்தது. டிரிப் ஏற்ற நர்ஸ் நரம்பு கிடைக்காமல் அங்குமிங்கும் குத்திக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. "மன்னிச்சிடுக்கா" என்றேன். நீ மெதுவாகச் சொன்னாய்: "நம்பரு கரெக்டுதாண்டி. ஆனா எனக்கு ஒடம்பு சரியில்லன்னு நீ சொல்லல. நான் பொய் சொன்னேன்னு சொன்ன." உன் குரலில் கோபம் இல்லை. இரண்டு நாள் கழித்து நீ போய்விட்டாய்.

இன்று வந்த அம்மாவுக்கு வெறும் வயிற்றில் நூற்றுப்பதினாலு. காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உன் முகத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு. "நேத்து விரதமாங்கம்மா?" என்று கேட்டேன். ஒரு கணம் தயங்கி, ஆமாம் என்றார். நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. "விரதம் இருந்தா இது கொறைச்சலா காட்டும்மா. மூணு மாசத்து டெஸ்ட்னு ஒண்ணு இருக்குது. அதுக்கு வெறும் வயிறே வேணாம். பாக்கட்டுங்களா?" என்றேன். கேட்டேன், அக்கா. அவர் யோசித்துவிட்டு மறுபடி கையை நீட்டினார்.

காகிதம் வந்ததும் கவுண்டரில் வைத்துக் கொடுக்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த அவர் மருமகளையும் கூப்பிடவில்லை. அவரை உள்ளே அழைத்து ஸ்டூலில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏழு புள்ளி ஆறு. ரத்தத்தில் இருக்கும் சிவப்பு அணு ஏறக்குறைய மூன்று நான்கு மாதம் உயிரோடிருக்கும், அத்தனை நாளும் ஓடுகிற சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வரும், சாயத்தில் கிடந்த நூல் மாதிரி, ஒரே ஒருநாள் அலசினால் போகாது என்று சொன்னேன். தறிக்காரர் வீட்டு அம்மா, உடனே புரிந்துகொண்டார். இந்த ஒரு காகிதத்தை வைத்தே பயப்பட வேண்டாம், இன்னொரு தடவையும் பார்த்து டாக்டர் முடிவு சொல்வார், கால்களை மட்டும் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்தார். "இவ்ளோ பொறுமையா யாரும் சொன்னதில்லம்மா" என்றார். என்னை மீறி வாய் திறந்துவிட்டேன். "எங்க அக்காவுக்கும் சக்கரை இருந்துதுங்க." இத்தனை வருடத்தில் இந்த லேபில் உன்னைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். இந்த ஒன்றுக்கு மட்டும் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன்.

"அக்கா இப்ப நல்லா இருக்காங்களா?" என்று அவர் கேட்டார்.

"அவங்களுக்கு நான் இப்படி ஒக்காந்து சொல்லலைங்க" என்றேன்.

அந்த அம்மா எழுந்து போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.