கண்ணமங்கலம் தாண்டாத வண்டி

ஆரணி,
29-1-1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சாவித்திரி எழுதுவது. நானும் அத்தையும் இங்கே சுகம். பம்பாய்ச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, நாள் முழுக்க லாரி ஓட்டி இடுப்பு வலிக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் அதெல்லாம் இல்லை. பிப்ரவரி பதினைந்தாம் தேதி செய்யாற்றுக்காரர் வருவார், நம் டாக்சி வண்டியை அவருக்கு விற்கப் பேசி முடித்தாயிற்று, சாவியைக் கொடுத்துவிடு என்று மூன்று வரி இருந்தது. கல்யாணமாகி ஐந்து மாதத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. அதனால் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சாவியைக் கொடுக்கப்போவதில்லை. கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். கோபமும் இருக்கிறது, ஆனால் காரணம் அது இல்லை. வண்டிக்கு என்ன நோய் என்று இதுவரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. நோயே தெரியாமல் யாராவது பாடை கட்டுவார்களா?

வேலூர் ஒர்க்ஷாப்பில் என்ன நடந்தது, யோசித்துப் பாருங்கள். ஆரணியிலிருந்து நன்றாகக் கிளம்புகிற வண்டி கண்ணமங்கலத்துக்கு ஒரு மைல் முன்னால் நின்றுவிடுகிறது, அரைமணி போனால் தானாகவே கிளம்புகிறது என்று சொன்னீர்கள். அதில் பாதியைக்கூடக் காதில் வாங்காமல் இன்ஜினைப் பிரித்தார்கள். ரிங் மாற்றினார்கள், வண்டி அதே புளியமரத்தடியில் நின்றது. கார்புரேட்டர் மாற்றினார்கள், பெட்ரோல் பம்பு மாற்றினார்கள். அப்புறமும் அதே மரம்தான். கார்த்திகை முகூர்த்தத்தன்று சேவூர் மாப்பிள்ளையை நடு ரோட்டில் இறக்கி டிராக்டரில் ஏற்றி அனுப்பினீர்கள். அன்றோடு ஸ்டாண்டில் நம் அம்பாசடரில் ஏற ஆளில்லை.

இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்று அத்தை சொல்கிறார். குழாயடியில் நாலு பேர் இருக்கும்போதே, "இவ வந்த நாள்லேர்ந்துதான் இந்த பேஜாரு. மார்கழில இவ தேவிகாபுரம் போயிருந்தாளே, அப்ப வண்டி சோக்கா ஓடிக்கினு இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். அக்கா பிரசவத்துக்கு நான் போயிருந்தபோது வண்டி திருவண்ணாமலை வரைக்கும் போய்வந்தது உண்மை. பொங்கலுக்கு நான் திரும்பி வந்த மறுநாளே நின்றதும் உண்மை. மூன்றாம் நாள் நீங்கள் பம்பாய்க்குக் கிளம்பிவிட்டீர்கள். அத்தை நினைப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை.

சேவூரில் கொட்டகை போட்டிருக்கும் மாணிக்கவேல் அண்ணனைப் போய்க் கூட்டிவந்தேன். எங்கள் முள்ளிப்பட்டுக்காரர், ஆயில் இன்ஜினிலிருந்து கார் வரைக்கும் பார்ப்பவர். வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "மொதல்ல கேக்கணும்மா, அப்புறம் பாக்கணும், கடைசியாத்தான் கை வெக்கணும். இன்ஜின் எங்க ஓடிப்போவப் போவுது?" என்றார். எனக்கு உடனே மனிதரைப் பிடித்துவிட்டது. எங்கள் அப்பாவும் தறியில் பாவு இழை அறுந்தால் எது அறுந்தது என்று தேடிப் பிடிக்காமல் முடிச்சுப் போடமாட்டார்.

அவர் கேட்டதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். நிற்பதற்கு முன் வண்டி குலுங்குமா, இல்லை மெல்ல மெல்லச் சோர்ந்து அடங்குமா? ஊருக்குள் ஓட்டும்போது எப்போதாவது நின்றதா? டேங்க் நிறையப் போட்டிருந்தால் சீக்கிரம் நிற்கிறதா, கொஞ்சமாக இருந்தாலா? முதன்முதலில் நின்றது எந்த மாதம்? நான் ஊரில் இல்லாத மூன்று வாரத்தில், முதல் நாளிலிருந்தே நிற்காமல் ஓடியதா? கடைசிக் கேள்வியை அண்ணன் இரண்டு தரம் கேட்டார். தயவுசெய்து அதற்குக் கட்டாயம் எழுதுங்கள்.

வண்டி ஓடாவிட்டாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறேன். நான் வைக்கிற பொட்டு ஒன்றுதான் அந்த வண்டியில் கோளாறில்லாமல் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். முருகன் துணை.

இப்படிக்கு,
சாவித்திரி


ஆரணி,
8-2-1979

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வாய்க்கிழமை உங்கள் பதில் வந்தது. எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று தொடங்கினாலும் ஒரு கேள்வியையும் விடாமல் பதில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வண்டி மேல் உங்களுக்கு எவ்வளவு ஆசை என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். அத்தைக்கும் படித்துக் காட்டினேன், முதல் வரியை விட்டுவிட்டு.

பதிலைப் பார்த்ததும் மாணிக்கவேல் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். குலுங்காமல் சோர்ந்துதான் அடங்குகிறது, ஊருக்குள் ஒருநாளும் நின்றதில்லை, டேங்க் நிறைந்திருந்தால் புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்கிறது. இதையெல்லாம் என் நோட்டில் எழுதச் சொன்னார். பிறகு அத்தை பக்கம் திரும்பி, "நீங்க நெனைக்கிறதையும் சொல்லுங்கம்மா, எழுதிக்கலாம்" என்றார். அத்தை சும்மா இருப்பாரா? மருமகள் வீட்டில் இருந்தால் நிற்கிறது, இல்லாவிட்டால் ஓடுகிறது என்று எனக்கு முன்னாலேயே சொன்னார். என் கையாலேயே அதை எழுதினேன். எழுதும்போது கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. அண்ணனுக்கு அத்தை மேல் கோபம் வரவில்லை. "அவங்க சொல்றது பொய்யில்லம்மா. நடந்ததத்தான் சொல்றாங்க. ஏன் நடந்துச்சுன்றதுதான் நமக்குத் தெரில" என்றார்.

அப்புறம் உங்கள் கடைசிப் பதிலைக் காட்டினார். நான் தேவிகாபுரம் போன முதல் வாரத்தில் வண்டி ஒரு தரம் நின்றது, அதற்குப் பிறகுதான் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது போதும் மாமா எனக்கு! ராசி என்றால் நான் பஸ் ஏறிய அன்றைக்கே சரியாகியிருக்க வேண்டும். என் ராசி என்ன, ஒரு வாரம் கழித்துத் தனியாக பஸ் பிடித்தா தேவிகாபுரம் வந்தது? அத்தையிடம் இதைக் கேட்டேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று வண்டியை வேலூர் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அண்ணன் ஓட்ட, நான் முன்னால் நோட்டோடு. புது மருமகளைத் தனியாக அனுப்பக்கூடாது என்று அத்தை ஒரு டப்பா பொரிமாவோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். சொன்னால் சொன்னபடி அதே புளியமரத்தடியில் நின்றது. அண்ணன் சிரித்தார். நிற்கிற வண்டியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும், ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போவதற்குள் அது சரியாகிவிடும், அப்புறம் எதைப் பார்ப்பது என்றார்.

முதலில் பிளக் ஒயரைக் கழற்றி என்னைச் சாவி போடச் சொன்னார். நீலமாகப் பொறி வந்தது. கரண்டில் குறை இல்லை என்று எழுதினேன். பிறகு கார்புரேட்டருக்கு வருகிற பெட்ரோல் குழாயைக் கழற்றினார். சொட்டுகூட வரவில்லை. டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்கிறது, ஆனால் இன்ஜினுக்கு வரவில்லை. அரைமணி காத்திருந்து திரும்பினோம்.

இன்று ஒரு கேனில் பெட்ரோல் பிடித்து என் காலடியில் வைத்து, ரப்பர் குழாய் வழியாக நேரே பம்புக்குக் கொடுத்தார். மேலே கட்டினால் பெட்ரோல் தானாக இறங்கிவிடும், பம்பு இழுக்கிறதா என்று தெரியாது, அதனால்தான் கீழே என்றார். வண்டி புளியமரத்தைத் தாண்டியது. கண்ணமங்கலம் தாண்டியது. வேலூர் எல்லை வரைக்கும் போய்த் திரும்பினோம், ஒரு தரம்கூட நிற்கவில்லை. பின்சீட்டில் அத்தை குறட்டை விட்டுத் தூங்கினார்.

அதனால் கேளுங்கள். இன்ஜின் நன்றாக இருக்கிறது. பம்பு நன்றாக இருக்கிறது. உங்களை அழவைத்த கோளாறு பம்புக்குப் பின்னால் எங்கேயோ, குழாயிலோ டேங்கிலோ ஒளிந்திருக்கிறது. இன்னும் ஏழு நாள் இருக்கிறது. பிடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
சாவித்திரி


ஆரணி,
17-2-1979

அன்புள்ள மாமாவுக்கு,

கோளாறு கிடைத்துவிட்டது. வண்டி நம்முடையதாகவே இருக்கிறது. இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

அண்ணன் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார், அடைப்பில்லை. செவ்வாய்க்கிழமை, மாசி பிறந்த அன்று, கேன் இல்லாமல் பழையபடி டேங்கிலிருந்தே ஓட்டினோம். புளியமரத்தடியில் நின்றது. அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. "சாவித்திரி, பின்னால போயி பெட்ரோல் மூடியத் திற" என்றார். திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது டேங்க். அவர் சாவி போட்டார். ஒரே இழுப்பில் கிளம்பியது! அரைமணி இல்லை, அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் குதித்துவிட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கோளாறைப் போக்கினால் மட்டும் பத்தாது, திரும்ப வரவழைத்தும் பார்க்க வேண்டும் என்றார். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினோம், நிற்கவில்லை. இறுக்கி மூடி ஓட்டினோம், நின்றது. திரும்பத் தளர்த்தினோம், ஓடியது. மூன்றையும் நோட்டில் எழுதிய பிறகுதான் மூடியைக் கையில் எடுத்தார்.

அந்த மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டாம். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, காற்று போக இன்னொன்று போட வேண்டும் அல்லவா, அது போலத்தான். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கிற காற்று கொஞ்சம், அதனால்தான் இன்னும் சீக்கிரம் நின்றது. வண்டி நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து புகுந்ததும் கிளம்பிவிடும். அண்ணன் குண்டூசியால் அந்தத் துளையைக் குத்தினார். மஞ்சளாக உதிர்ந்தது. அடியில் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம்.

மாமா, அந்தத் துளையை அடைத்தது நான்தான்.

ஆயுத பூஜையன்று தொடங்கினேன். முன்னால் மூன்று பொட்டு, பின்னால் இரண்டு, பெட்ரோல் மூடி மேல் ஒன்று. வண்டி வயிறு நிறைந்திருக்கட்டும் என்று அந்த ஒன்றை மட்டும் கெட்டியாகக் குழைத்து, விரலால் அழுத்தி வைப்பேன். வெள்ளிக்கு வெள்ளி அதன் மேலேயே இன்னொன்று. தேவிகாபுரம் போனபோது அது காய்ந்து உதிர ஒரு வாரம் ஆகியிருக்கிறது. பொங்கலுக்கு வந்ததும் திரும்ப வைத்தேன். வண்டி நிற்க நிற்க இன்னும் பக்தியாக வைத்தேன். அத்தை சொன்னதில் தப்பே இல்லை. நான் வீட்டில் இருந்தால் வண்டி நின்றது.

இதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏதோ தூசி அடைத்திருந்தது என்று எழுதியிருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதி எழுதிப் பழகிவிட்டது. என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள். என் கை செய்த தப்புக்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். என் ராசிக்குத் திட்டினால் மட்டும் வாங்கமாட்டேன்.

அத்தை என்ன சொல்வாரோ என்று ரோட்டிலேயே அவர் முகத்தைப் பார்த்தேன். பின்சீட்டிலிருந்து இறங்கி வந்தார். அப்புறம் முந்தானையால் அந்த மூடியைத் துடைத்தார். "கழுவறப்ப பொட்ட மட்டும் அழிச்சிடாதடான்னு அவனாண்ட சொன்னவளே நான்தானே" என்றார். வியாழக்கிழமை செய்யாற்றுக்காரர் வந்தபோது நான் வாசலுக்கு வருவதற்கு முன்பே அத்தை போய் நின்றுகொண்டார். "பிளசரு காரு விக்கறதுக்கு இல்லீங்க. எம் புள்ள ஜல்தியா வந்துடுவான்" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். நேற்று வெள்ளிக்கிழமை பூஜைக்கு நான் தயங்கி நின்றேன். அவரே சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "பம்பர்ல வை" என்றார்.

இனி ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியாமல் இருக்கிறது. நீங்கள் பம்பாய்க்குக் கிளம்பிய அன்று, "அவ எதிர வர வேணாம்" என்று அத்தை சொன்னார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுவீர்கள் என்று காத்திருந்தேன். செருப்புச் சத்தம்தான் கேட்டது. உங்கள் முதுகைக்கூட நான் பார்க்கவில்லை. அத்தை சொன்னதை நீங்களும் நம்பினீர்களா, இல்லை பேசினால் அழுகை வந்துவிடும் என்று பேசாமல் போனீர்களா? இந்த ஒரு மாதமாக நானே இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு பார்த்துவிட்டேன். கேட்காமல் முடிவு கட்டக்கூடாது என்று இப்போது கற்றுக்கொண்டேன். அதனால் கேட்கிறேன். கடிதத்தில் வேண்டாம், நேரில் சொல்லுங்கள். எந்தப் பதிலாக இருந்தாலும் கேட்டுக்கொள்வேன்.

பம்பாய் மெயிலில் ஏறி அரக்கோணத்தில் இறங்குங்கள். எந்த நாள் என்று ஒரு தந்தி போதும். மாணிக்கவேல் அண்ணன் வண்டியைக் கொண்டுவருவார், அத்தை பின்சீட்டில் பொரிமாவோடு வருவார். ரயில் வந்து நிற்கும்போது, எல்லாருக்கும் முன்னால், உங்களுக்கு நேர் எதிரே நான் நிற்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி வாருங்கள். ஆரணிக்கு நீங்கள்தான் ஓட்டவேண்டும்.

முருகன் துணை. உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சாவித்திரி