அரங்கச் சாவி வாங்க வருபவளுக்கு

கண்ணு,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு. தண்ணி மோட்டாரை நிறுத்தினேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல, போய்ப் பாரு. மண்டையே குழம்பிக் கிடக்கு.

நேத்து வந்ததும் கதவைச் சாத்திட்ட, பேசவே விடல. பெற்றோர் சங்கக் கூட்டத்துல நான் என்ன செஞ்சேன்னு எனக்கே புரியலடி. மாணவர் மன்றத் தலைவியா நீ எழுந்து, "நாடக ஒத்திகைக்குப் பள்ளி அரங்கம் கேட்டா, கூடவே காவலும் வைக்கிறீங்க. எங்க மேல நம்பிக்கையே இல்லையா?"ன்னு கேட்டப்போ முதல்ல கை தட்டினது நான்தான். அடுத்த நிமிஷம், பெத்தவங்க யாராவது அங்க இருந்தே ஆகணும்னு கை தூக்கினதும் நான்தான். சங்கத் தலைவர், "செயலாளரம்மா, நீங்க எந்தப் பக்கம்?"னு கேட்டார். தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?

அப்புறம் யார் காவல் இருக்கறதுன்னு பேச்சு வந்ததும் கை தூக்கின அத்தனை பேரும் நழுவிட்டாங்க. காவலையும் சாவியையும் என் தலையில கட்டிட்டாங்க.

அரங்கச் சாவி செருப்பு அலமாரி மேல இருக்கு. சாயங்காலம் மாணவர் மன்றத் தலைவி வாங்க வருவா, கொடுத்துடு. ஆளைக் கண்டுபிடிக்கறது சுலபம்: நேத்துலேர்ந்து என்னை "செயலாளர் அவர்களே"ன்னு கூப்பிடறவ. கோவத்துல சாப்பிடாமப் போயிடுவா. ரெண்டு வாய் சாப்பிட வெச்சு அனுப்பு.

அம்மா

பின்குறிப்பு: வேலை முடிஞ்சு நேரா அரங்கத்துக்கு வந்துடறேன். வெளியில படிக்கட்டுலதான் உட்காருவேன்.

இன்னொண்ணு: மழை வந்தா உள்ள வரலாமா? செயலாளரா வரக்கூடாது, சரி. அம்மாவா வரலாமான்னு அவகிட்டக் கேட்டு வை.