ஓட்டை போடாத டப்பாக்கள்

ஹெப்பகோடி,
12.8.2001

அன்புள்ள சஹானா அப்பாவுக்கு,

சீதாலட்சுமி எழுதுவது. நானும் சஹானாவும் உயிரோடு நலம். உயிரோடு என்று ஏன் எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். நீங்கள் மஸ்கட்டில் நலம் என்றே நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை போனில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டீர்களாம், உங்கள் தம்பி கிரண் சொன்னான். எஸ்.டி.டி. பூத்தில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது இதைப் பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

நம் ஸ்பேர்ஸ் கடைக்கு வருகிறவர்கள் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சிந்தெடிக் ஆயில் போட்டால் இஞ்சின் உள்ளே சுத்தமாக இருக்குமாமே மேடம், எது நல்லது, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று. டப்பாவில் அச்சடித்திருப்பதைப் படித்துக் காட்டி விற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து ஒர்க் ஷாப் கிளாரன்ஸ் அண்ணனைப் பிடித்தேன். நம் ஊர்க் கம்பெனி சிந்தெடிக் போட்ட ஆம்னி ஒன்று, வெளிநாட்டுக் கம்பெனி சிந்தெடிக் போட்டது ஒன்று, சாதா ஆயில் போட்டது ஒன்று. மூன்றும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இஞ்சின் மேல்மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஆயில் கடைக்காரிக்கு ஆயிலைப் பற்றித் தெரிய வேண்டாமா?

சாதா ஆயில் ஓடிய வண்டியில் உள்ளே பழுப்பாகக் கறை படிந்திருந்தது, மோசமில்லை. நம் ஊர் சிந்தெடிக் ஓடியதில் இரும்பு பளபளவென்று இருந்தது. அந்த ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தாளில் விட்டால் நடுவில் கசடு தேங்காமல் சமமாகப் பரவியது. விலை கொஞ்சம் கூட என்றாலும் இதுதான் கட்டுபடி என்று போர்டு எழுதி மாட்டலாம் என்றிருந்தேன். இருப்பதிலேயே விலை கூடின வெளிநாட்டு ஆயிலைப் போட்டது டோரீன் அக்காவின் ஸ்கூல் வண்டி. அது தானாக வரவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை, பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டின் நடுவில் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. உள்ளே ஒன்பது பிள்ளைகள். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றதாம். அந்த ஒன்பதில் உங்கள் மகளும் ஒருத்தி. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கிளாரன்ஸ் அண்ணன் மூடியைக் கழற்றியதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேழ்வரகுக் களியைக் கருக்கி அப்பி வைத்த மாதிரி இருந்தது. நாற்றம் வேறு. டோரீன் அக்கா என்னைத் திட்டவில்லை. நீ சொன்னேன்னுதானே சீதா இந்த ஆயில வாங்கினேன் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

கம்பெனி ஆயிலே இப்படியா என்று பார்க்க, நம் கடை அலமாரியிலிருந்து அதே ஆயிலில் சீல் உடைக்காத புது டப்பா ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளாரன்ஸ் அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். மிச்ச ஆயில் மாறிப்போகாமல் இருக்க, டப்பாவின் அடியில் வண்டி நம்பரை ஸ்குரூ டிரைவரால் கீறி வைப்பார். நான் கொடுத்த புது டப்பாவைத் திருப்பினார். அடியில் 7714 என்று இருந்தது. போன தீபாவளிக்கு அவர் ஆயில் மாற்றிய வண்டியின் நம்பர். இது நான் கீறினதும்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

நேரே மாடிக்குப் போய் கிரண் அறையைத் திறந்தேன். ஒரு டிரம் நிறைய ஒர்க் ஷாப்புகளில் வடித்துப்போட்ட கழிவு ஆயில். வடிகட்ட என் பழைய நூல் புடவை. பக்கத்தில் வரிசையாகக் காலி டப்பாக்கள். அவற்றின் வாயில் வெள்ளித்தாள் வைத்துச் சூடு போட்டு ஒட்டுவது எதனால் தெரியுமா? நீங்கள் போன லீவில் எனக்கென்று ஆசையாக வாங்கி வந்த இஸ்திரிப் பெட்டியால். அதே பெட்டியால் தேய்க்கும் சஹானாவின் வெள்ளை யூனிபாரத்தில் ஆறு மாதமாகச் சாம்பல் கறை வருகிறதே என்று சோப்பை மாற்றி மாற்றித் துவைத்தேன். என்னை என்னவென்று சொல்வது.

கிரணுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. ஹோக்லி, போகட்டும் விடுங்க அண்ணி, ஆயில் ஆயில்தானே, வண்டிக்கு நாக்கா இருக்கு ருசி பாக்க என்று சிரித்தான். அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை, அவனைத் தொடவே அருவருப்பாக இருந்தது. அப்போதுதான் சொன்னான், எங்க அண்ணனுக்குத் தெரியாமலா செய்றேன், அவரையே கேளுங்க என்று.

அவன் பொய்யன், நம்ப வேண்டாம் என்றுதான் கீழே இறங்கி வந்தேன். ஆனால் உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காலி டப்பாவை யாரும் திரும்ப நிரப்பாமல் இருக்க, ஆணியால் ஓட்டை போட்டுத்தான் பழைய சாமான் வாங்கும் குஜரிக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர் சொன்னதிலிருந்து நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பிப்ரவரிக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், "இனிமேல் டப்பாவில் ஓட்டை போடாதே, கிரணிடம் கொடுத்துவிடு, அவன் பார்த்துக்கொள்வான்" என்று. ஓட்டையில்லாத டப்பாவுக்குக் குஜரிக்காரர் கூடக் கொடுப்பார், அதற்காகத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் சிக்கனத்தை டோரீன் அக்காவிடமே மெச்சிப் பேசியிருக்கிறேன்.

கடை ஷட்டரை இறக்கி நாலு நாள் ஆகிறது. அந்த ஆயில் வாங்கிப் போனவர்களில் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நானே போய், அதைக் கீழே கொட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். டோரீன் அக்கா வண்டியின் இஞ்சின் வேலை நம் செலவு என்று கிளாரன்ஸ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மீதியிருந்த டப்பாக்கள் அத்தனையிலும் உட்கார்ந்து ஓட்டை போட்டேன். கையில் கொப்புளம், அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. சோறு பிசையப் பிடிக்காமல் ஸ்பூனால் சாப்பிடுகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. குஜரிக்காரர் கூடக் கொடுப்பார் என்றுதான் சொன்னேன், வேறொன்றும் எனக்குத் தெரியாது என்று ஒரு வரி எழுதுங்கள். போனில் சொல்ல வேண்டாம், உங்கள் கையெழுத்தில் வேண்டும். எழுதினால் நம்புவேன். நம்பத்தான் ஆசைப்படுகிறேன். எழுத முடியாது என்றால் ஒன்றும் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் வெறும் தலையோடு நிற்காதீர்கள். நீங்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

இப்படிக்கு,
சஹானாவின் அம்மா
சீதாலட்சுமி

பி.கு: சஹானா இனி வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். நடந்தே கூட்டிப்போகிறேன். நம் கடையைத் தாண்டும்போது, ஆயிலில் என்ன கலந்தார்கள், யார் கலந்தார்கள் என்று தினமும் கேட்கிறாள். அப்பாவின் கடிதம் வரட்டும், சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.