எட்டாவது இலை

காஜா பெராங், மலாக்கா
18.1.1958

சௌபாக்கியவதி கோகிலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் லண்டன் குளிரில் நலமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ மட்டும்தான், இந்த வீட்டைப் பொறுத்தவரை, போன திங்கட்கிழமை காலமாகிவிட்டாய். பதறாதே, முழுவதையும் படி. தவறு என்னுடையது.

நவம்பரில் உன் கடிதம் கிடைத்தது. ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டதையும், மாப்பிள்ளை ஈப்போக்காரர், பெயர் தியாகு என்பதையும் எழுதி, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தாய். உன் மாமா ராஜரத்தினத்தின் மகனுக்கு உன்னைக் கொடுப்பதாக அம்மா தன் அண்ணனிடம் வாக்குக் கொடுத்து இரண்டு வருடமாகிறது, அவர் குடியிருப்பதோ நமக்கு எதிர்வாசலில். பக்குவம் வரட்டும் என்று கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். முப்பது வருடம் முனிசிபல் ஆபீசில் இருந்தவன், தீர்க்க முடியாத காகிதத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதில் எழுதாமல் விட்டதும் அதே பழக்கம்தான், மன்னித்துக்கொள். தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் அம்மா கேட்பாள், ஒன்றும் வரவில்லை என்பேன். இழுப்பறையைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அவள் எந்த முடிவுக்கு வந்திருக்கிறாள் என்பது போகியன்றுதான் தெரிந்தது.

கம்போங் செட்டியில் பர்ச்சு என்று எல்லா வீட்டிலும் வைக்கும் முன்னோர் படையலை அம்மாவும் வழக்கம்போல வைத்தாள். செத்தவர் ஒருவருக்கு ஓர் இலை, அவரவருக்குப் பிடித்தது அவரவர் இலையில். தாத்தா இலையில் சுருட்டு, பெரியம்மா இலையில் வெற்றிலை, இப்படி ஏழு. இந்த வருடம் எட்டு இருந்தது. எட்டாவதில் மிளகாய்ச் சம்பல் இல்லாத நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, பொரித்த மீன் வால் இரண்டு, ஒரு போத்தல் ஆரஞ்சு. நம் வீட்டில் செத்தவர் யாரும் ஆரஞ்சு குடித்ததில்லை. யாருக்கு இது என்று கேட்டேன். “சுடா மாத்தி, சக்காப் சஜா லா” என்றாள் மலாயில், குரலே உயராமல். செத்துவிட்டாள் என்றால் சொல்லிவிடலாமே, இத்தனை நாள் எதற்குப் பூட்டி வைத்தீர்கள் என்று பொருள்.

நான் வாய் திறப்பதற்குள், படையலுக்கு வந்திருந்த மாமா எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டார். முன்னோர் சாப்பிடும்போது உயிருள்ளவர் உள்ளே இருக்கக் கூடாதே. வெளியே நிற்க நிற்க, உன் இலையில் யார் யாரோ கை வைப்பது போலவே எனக்குத் தோன்றியது. இத்தனைக்கும் பகுத்தறிவைப் பற்றி வாசகசாலையில் இரண்டு முறை தலைமை தாங்கிப் பேசியவன் நான். கதவைத் திறந்துகொண்டு போய் எட்டாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். உயிரோடிருக்கிறவளின் சோற்றை உயிரோடிருக்கிறவன் தின்றுவிட்டால் அது படையல் ஆகாது என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பின்னாலேயே மாமா வந்து, “மச்சான், பசிச்சா கேளு லா! செத்தவங்க சோத்தையா தொடுறே?” என்று கத்தினார். வாயில் மீன் வாலோடு எல்லாவற்றையும் சொன்னேன், கோகிலா சாகவில்லை, கல்யாணம்தான் செய்துகொண்டாள் என்று.

யாரும் நம்பவில்லை. கடிதத்தை எடுத்து வந்து காட்டினேன். உனக்குத் தமிழ் கற்றுக் கொடுத்து, கடிதம் தமிழில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான், மலாய் பேசியே வளர்ந்த இந்தத் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள் என்றாள். நவம்பர் தேதிதானே போட்டிருக்கிறது, அதற்கப்புறம் என்ன ஆயிற்றோ என்றார் மாமா. வாக்குத் தவறியதற்கு அவர் என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பொங்கல். மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான பிறகு வரும் முதல் பொங்கல் என்று தெருவெல்லாம் கரும்பும் தோரணமும், விடிந்ததிலிருந்து பொங்கலோ பொங்கல் என்று ஒரே கூச்சல். துக்க வீடு என்று நம் அடுப்பில் மட்டும் பானை ஏறவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை ஒரு கிண்ணத்தில் பொங்கல் கொண்டு வந்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை முந்தானையில் மறைத்தபடி திரும்பிவிட்டாள். அம்மா ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். உன் துணிகளை எடுத்து மடிக்கிறாள். நேற்று உன் பச்சைப் பாவாடையை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டாள். அவளே வந்து உடுத்துவாள் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அம்மாவுக்கு எழுது. தந்தி வேண்டாம், நம் வீட்டுக்குத் தந்தி சாவுக்குத்தான் வந்திருக்கிறது, பிரிக்கும் முன்பே விழுந்துவிடுவாள். மலாயில் எழுது, அம்மா மூன்று வருடம் மலாய்ப் பள்ளிக்குப் போனவள், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள், உன் கையெழுத்தும் அவளுக்குத் தெரியும். படம் வைத்தால் மாப்பிள்ளையோடு நிற்கிற படமாக வை, தனிப் படம் வந்தால் மாலை போட்டுவிடுவார்கள். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசிகள், சண்டை வந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், என்னைப் போல் பூட்டி வைக்காதீர்கள்.

மறக்காமல் உறையின் மேல் பாக்கியலட்சுமி என்று அவள் பெயரையே எழுது, என் கை பட வேண்டாம். உயிரோடிருக்கிறேன் என்பதை முதல் வரியில் எழுது, கல்யாணத்தை இரண்டாவது வரியில். முதல் வரியைப் படித்துவிட்டாள் என்றால் இரண்டாவதற்கு என்னைத் திட்ட ஆரம்பிப்பாள். அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறேன்.

உன் அப்பா,
மாணிக்கவாசகம்