புருவம் ஏறாத கேள்வி

18 ஜனவரி 2025, சனி

அலுவலகப் பொங்கல் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. நான்தான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். நெற்றியில் கோடு கோடாக. முப்பத்தொரு வயதில் இது சீக்கிரம் இல்லையா? பக்கத்து சீட் நர்மதா தன் தோல் டாக்டரின் நம்பரை அனுப்பியிருக்கிறாள். "கோடு பதிஞ்சப்புறம் ஊசி போட்டு இன்னா பிரயோஜனம் ரேச்சல்? அது வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும்."

2 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று டாக்டரைப் பார்த்தேன். முகம் அசைந்தால்தான் கோடு தெரிகிறதாம். "அவசரமில்ல, ரெண்டு வருஷம் பொறுக்கலாம். இப்பவே ஆரம்பிச்சாலும் தப்பில்ல" என்றார். இப்படிச் சொன்னால் நான் எதை முடிவு செய்வது?

"நெத்தியை ரொம்ப யூஸ் பண்றீங்களே, டீச்சரா?" என்றும் கேட்டார். என் தங்கை டெபோராவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அவளோடு கையாலும் முகத்தாலும் பேசிப் பேசி வந்தது இது என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

15 பிப்ரவரி

போட்டுக்கொண்டேன். நெற்றித் தசையை நாலு மாதம் அசையவிடாமல் வைக்கிற ஊசியாம். எறும்பு கடித்த மாதிரிதான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

1 மார்ச்

வழவழவென்று இருக்கிறது நெற்றி. அம்மா மீன் அலசிக்கொண்டே உற்றுப் பார்த்தாள். "இன்னாடி, பவுடர் மாத்திக்கினியா? சின்னப் பொண்ணாட்டம் கீறே." நாள் முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் டெபோரா என்னை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சாவியோ அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறான்! அவளுக்காகச் சைகை கூடக் கற்றுக்கொள்கிறானாம். "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கையால் கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு "ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன்" என்று கையை உதறிவிட்டு இறங்கிப் போனாள்.

வெட்கம் போல. ஈஸ்டர் முடியட்டும், அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

23 மார்ச், ஞாயிறு

சாவியோவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம் டெபோரா. அந்த வாரமே.

ஏன் என்று உலுக்கிக் கேட்டேன். "உனக்குப் பிடிக்கவில்லையே. நீ கேட்கவே இல்லை. பிடிச்சிருக்கு உனக்கு, அப்படீன்னு குற்றம் சொல்ற மாதிரி சொன்னே. உன் முகத்தில் ஒன்றுமே இல்லை" என்றாள்.

புருவத்தை ஏற்றினால்தான் அவளுக்கு அது கேள்வி. ஐயோ, இது எனக்குத் தெரியாதா? அவள் நடக்கப் பழகும்போதே இந்தப் பாஷையை அவளோடு சேர்ந்து உண்டாக்கினவளே நான்தானே!

ஊசியைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை. நர்மதா அனுப்பிய நம்பர், டாக்டர் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் காட்டினேன். அவள் அழவில்லை. கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அழுதது நான்தான். அழும்போதும் அது அசையவில்லை.

27 ஏப்ரல்

சாவியோவைத் தேடிப் போனேன். தூத்துக்குடிக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டானாம். அவன் அம்மா வாசலிலேயே நின்று பேசினாள். "அவன் கண்ணாடி முன்னால நின்னுகினு கைய ஆட்டி ஆட்டி கத்துக்கினான்மா. உன் தங்கச்சி வாணான்ட்டா. இப்ப நீ வந்து இன்னா பண்றது?"

போன் நம்பர் வாங்கி வந்தேன். டெபோரா வாங்க மறுத்துவிட்டாள்.

29 ஜூன், ஞாயிறு

ஊசியின் வேகம் முழுக்கப் போய்விட்டது. அடுத்த தடவைக்கு எப்போது வருகிறீர்கள் என்று கிளினிக்கிலிருந்து கேட்டார்கள். வரவில்லை என்றேன்.

இன்று மத்தியானம் டெபோரா கட்டிலின் அந்த ஓரத்தில் இருந்தாள், நான் இந்த ஓரத்தில். என் போன் அதிர்ந்தது. அவள்தான். "காசிமேட்டுக்குப் போறேன். உனக்கு என்ன மீன் வேணும்?"

புருவத்தை நன்றாக ஏற்றி அவளைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதுவானாலும் சரி என்று எழுதி அனுப்பினேன்.